சம்பளம் போட எண் போதும், சாவி எதற்கு?

தீபாவளி முடிந்தது என்றால் சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளின் கதவு அடைபடும். ஆண்டுதோறும் நடப்பதுதான் இது. வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி, சாத்தூர், திருத்தங்கல் பக்கத்துக் கிராமங்களில் சில வாரங்களுக்கு வேலை இராது. போனஸ் பணம் கரைந்துவிடும். மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை நிற்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நிற்கும். அந்த நேரம் பார்த்துச் செல்போனில் ஒரு செய்தி வந்து விழும்.

"வீட்டில் இருந்தபடியே வேலை. பென்சிலைப் பெட்டியில் அடுக்கினால் போதும். மாதம் 30 ஆயிரம் சம்பளம். முதலில் 15 ஆயிரம் முன்பணம் தருகிறோம்."

கூடவே நடராஜ் பென்சிலின் படம் இருக்கும். சிரித்த முகத்தோடு ஒரு பெண் பென்சில் அடுக்கும் படமும் இருக்கும்.

இது முழுப் பொய். நடராஜ் பென்சிலைச் செய்வது இந்துஸ்தான் பென்சில்ஸ் என்ற கம்பெனி. 1958-ம் ஆண்டில் தொடங்கியது. வீட்டில் வைத்துப் பென்சில் அடுக்கும் வேலையைத் தாங்கள் யாருக்கும் தருவதில்லை என்று அந்தக் கம்பெனியே பகிரங்கமாக எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. இருந்தும் அந்த விளம்பரம் நாடெங்கும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு பெயரில் எடுபடாவிட்டால் பேனா, சோப்பு, ஊதுபத்தி என்று வேறு பெயரில் வருகிறது.

"இதைப் போய் யாராவது நம்புவார்களா?" என்று பட்டணத்துக்காரர் கேட்கலாம். விருதுநகர் மாவட்டத்துக்காரர் அப்படிக் கேட்கமாட்டார். ஏன் என்றால், இங்கே வேலை என்பது உண்மையிலேயே வீடு தேடி வந்த சரக்கு.

ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-ம் ஆண்டில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பிறகு சிவகாசியைச் சுற்றி அந்தத் தொழில் வேர் பிடித்தது. தீப்பெட்டி ஒட்டும் வேலை கிராமத்து வீடுகளுக்குக் கட்டுக் கட்டாக வந்தது. தாய் ஒட்டுவாள், பாட்டி ஒட்டுவாள். காகிதக் குழாய் சுற்றும் வேலையும் அப்படியே வந்தது. குரோஸ் கணக்கில் எண்ணிக் கூலி வாங்கினார்கள். ஆகவே, "வீட்டில் இருந்தபடியே அடுக்கும் வேலை" என்றதும் இந்தச் சீமைப் பெண்ணுக்கு அது கட்டுக்கதையாகத் தோன்றுவதில்லை. தாய் செய்த வேலைதானே என்று தோன்றுகிறது.

ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

ஆனால் அந்தப் பழைய வேலைக்கும் இந்தப் புதிய செய்திக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று வந்த ஏஜெண்டு சரக்கைக் கொண்டுவந்து போட்டான், முடித்த பெட்டியை எண்ணி எடுத்தான், கூலியைக் கொடுத்தான். கூலியைக் குறைத்துக் கொடுத்திருக்கலாம். எண்ணிக்கையில் ஏய்த்திருக்கலாம். அந்தக் குறைகள் எல்லாம் உண்டு. ஆனால் பணம் அவன் பையிலிருந்து வேலை செய்தவள் கைக்குத்தான் வந்தது. "முதலில் நீ கொடு" என்று அவன் கேட்டதில்லை. அவளுடைய உண்டியல் எங்கே இருக்கிறது, அதன் சாவி எங்கே இருக்கிறது என்றும் கேட்டதில்லை.

எண் வேறு, சாவி வேறு

செல்போன் ஆசாமி என்ன கேட்கிறான்? முதலில் பதிவுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கேட்பான். பிறகு "அடையாள அட்டை தயார் செய்யவேண்டும், ஆதார் கார்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்பான். பான் கார்டு கேட்பான். பாங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கேட்பான். ஏ.டி.எம். கார்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கேட்பான். கடைசியாக, "உங்கள் முன்பணம் வந்துகொண்டிருக்கிறது, செல்போனுக்கு வரும் ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்பான்.

முதலில் கேட்ட சில நூறு ரூபாய் போனால் போகட்டும். அதற்குப் பிறகு கேட்டவைதான் ஆபத்தானவை. கட்டணம் போனால் ஒரு நாள் கூலி போகும். விவரம் போனால் சேமிப்பு முழுவதும் போகும். சில சமயம் வாங்காத கடனும் வந்து சேரும்.

சம்பளம் போடுகிறவருக்கு என்ன தேவை? கணக்கு வைத்திருப்பவர் பெயர், கணக்கு எண், பாங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எப்.எஸ்.சி. என்ற குறியீடு. அவ்வளவுதான். இவை வீட்டு விலாசம் போன்றவை. விலாசம் தெரிந்தால் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து போடலாம். விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு பீரோவைத் திறக்க முடியாது.

ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் விலாசம் அல்ல, சாவி. கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கமும் சாவி. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் சாவி. 2016-ம் ஆண்டில் தொடங்கி இன்று பெட்டிக்கடை வரை வந்துவிட்ட யு.பி.ஐ. முறையின் ரகசிய எண்ணும் சாவிதான்.

யு.பி.ஐ. பற்றி ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்கவேண்டும். பணம் அனுப்பத்தான் ரகசிய எண்ணைத் தட்டவேண்டும். பணம் வாங்க எதையும் தட்டவேண்டாம். எந்தக் கட்டத்தையும் படம் பிடிக்கவேண்டாம். "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தைப் படம் பிடித்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், அவன் அனுப்பவில்லை, எடுக்கிறான்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. "உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்க்க இந்தச் செயலியை இறக்குங்கள்" என்பான். இறக்கினால், அவர் செல்போனில் தெரிவது எல்லாம் எங்கோ இருப்பவனுக்கும் தெரியும். ஓ.டி.பி.யை அவன் கேட்கவே வேண்டாம், தானே படித்துக்கொள்வான். இப்படிச் செல்போன் திரையைப் பிறர் பார்க்கவைக்கும் செயலிகளைப் பற்றி ரிசர்வ் பாங்கி 2019-ம் ஆண்டிலேயே பாங்கிகளை எச்சரித்தது.

சில இடங்களில் "செக் தாள் ஒன்று கொடுங்கள்" என்பார்கள். நல்ல கம்பெனிகளும் கேட்பது உண்டு; கணக்கு எண்ணைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளத்தான். குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "ரத்து" என்று எழுதிக் கொடுத்தால் போதும். கையெழுத்துப் போடவேண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட வெறும் செக் எதற்கும் கேட்கலாகாது, கேட்டாலும் கொடுக்கலாகாது.

எப்போது கொடுப்பது?

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கணக்கு எண்ணைக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. பெயர், வயது, படிப்பு, முன் அனுபவம், செல்போன் எண். இவை போதும். நேரில் பேசி, ஆலையையோ அலுவலகத்தையோ கண்ணால் பார்த்து, வேலை உறுதியான பிறகுதான் பாங்கி விவரம். அப்போது கேட்பது நியாயம். சேமநல நிதிக்கு, அதாவது பி.எப்.புக்கு, ஆதாரும் பாங்கிக் கணக்கும் உண்மையாகவே வேண்டும். 1952-ம் ஆண்டின் பி.எப். சட்டமும் 1948-ம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமும் தொழிலாளிக்குப் பாதுகாப்புத் தர வந்தவை. அதற்குரிய விவரத்தை மறைப்பது தொழிலாளிக்கே நஷ்டம். ஆகவே எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொள் என்பதல்ல விஷயம். யாரிடம், எப்போது, எது என்பதே விஷயம்.

வயிற்றுப்பாட்டுக்கு அலைகிறவர்கள் இவ்வளவு நிதானமாக இருக்க முடியுமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. மோசடிக்காரன் அந்த அவசரத்தை நம்பித்தான் தொழில் செய்கிறான். "இன்று மாலை 5 மணிக்குள் விவரம் வராவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்" என்று நெருக்குவான். 2018-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அதன் பிறகு சிவகாசியில் பல ஆலைகள் பல வாரங்கள் மூடிக்கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களில் வேலை தருகிறேன் என்று எவன் சொன்னாலும் காது அங்கே போகத்தான் செய்யும். ஒரு இரவு பொறுத்து, மறுநாள் காலையில் வீட்டில் உள்ள இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டால், பாதி வலை அங்கேயே அறுந்துவிடும். உண்மையான முதலாளி ஒரு இரவு காத்திருப்பார்.

கைநாட்டு

அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும்: வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கக்கூடாது. பெருவிரலில் மையைத் தடவி வெள்ளைத் தாளில் வைத்துவிட்டு, பிறகு நிலத்தை இழந்தவர்களை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

பேரப்பிள்ளைகள் படித்துவிட்டார்கள். விரல் ரேகை மறைந்துவிடவில்லை. மை இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. ஆதாரோடு இணைந்த பாங்கிக் கணக்கிலிருந்து விரல் ரேகை வைத்தே பணம் எடுக்கலாம். ஏ.டி.எம். இல்லாத கிராமத்தில் முதியோர் உதவித்தொகை வாங்குவோருக்கு இது பெரிய வசதி. ஆனால், "வேலைக்குப் பதிவு செய்கிறோம், இந்த மிஷினில் விரலை வையுங்கள்" என்று ஊருக்குப் புதிதாக வந்தவன் சொன்னால், அது வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பது போலத்தான்.

ஆதார் ஆணையம் விரல் ரேகையைப் பூட்டி வைக்க வழி செய்திருக்கிறது. செல்போன் செயலியிலோ இணையதளத்திலோ பூட்டலாம், வேண்டும்போது திறக்கலாம். அதேபோல, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அடையாளம் காட்ட மட்டும் கேட்கிற இடத்தில் அதைக் கொடுக்கலாம். சந்தேகத்துக்கு 1947 என்ற எண்ணில் கேட்கலாம். சுதந்திரம் வந்த ஆண்டு, மறக்காது.

நகல் எடுக்கும் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு ஆதார், பான், பாங்கிப் புத்தகம் மூன்றையும் அனுப்பி, "ஒரு பிரதி போடுங்க அண்ணாச்சி" என்பது எல்லா ஊரிலும் பழக்கமாகிவிட்டது. பிரதி கைக்கு வந்துவிடும். படம் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் நாளை யார் உட்காருவார் என்பது அவருக்கே தெரியாது. பிரதி எடுத்ததும், "அழிச்சிருங்க அண்ணாச்சி" என்று நின்று பார்த்து அழிக்கச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. கொடுக்கும் பிரதியின் குறுக்கே இன்ன வேலைக்காக, இன்ன தேதியில் கொடுத்தது என்று எழுதி வைப்பதும் நல்லது. வேறு காரியத்துக்கு அதைப் பயன்படுத்துகிறவனுக்கு அது கொஞ்சமாவது தடையாக இருக்கும்.

கணக்கை வாடகைக்குக் கேட்கும் வேலை

இப்போது இளைஞர்களைக் குறிவைத்து வேறொரு வலை வீசப்படுகிறது. இதில் கட்டணம் கேட்பதில்லை. மாறாக, பணம் தருகிறார்கள்!

"உங்கள் பெயரில் பாங்கிக் கணக்கு ஒன்று திறங்கள். கார்டையும் சிம்மையும் எங்களிடம் கொடுங்கள். மாதாமாதம் கமிஷன் தருகிறோம்" என்பார்கள். அல்லது, "உங்கள் கணக்குக்குப் பணம் வரும், அதை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள், இதுதான் வேலை" என்பார்கள். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பையனுக்கு இது சுலபமான உத்தியோகமாகத் தெரிகிறது.

வந்து போவது வேறு எங்கோ ஏமாற்றப்பட்டவர்களின் பணம். போலீசார் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது, முதலில் தட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான். கமிஷன் கொடுத்தவனின் உண்மைப் பெயர்கூட அந்தப் பையனுக்குத் தெரிந்திராது. கணக்கு முடக்கப்படும், வழக்கும் வரலாம். இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்கவே ரிசர்வ் பாங்கியின் ஆய்வுப் பிரிவு ஒரு தனிக் கருவியை உருவாக்கியிருப்பதாக 2024-ம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. பாங்கிக் கணக்கு என்பது ஒருவருடைய கையெழுத்து போன்றது. அதை வாடகைக்கு விடுகிற வேலை எதுவும் நேர்மையான வேலை அல்ல.

இதன் மறுபக்கம் இன்னும் பரிதாபமானது. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் மியான்மர் நாட்டின் மியாவாடி பகுதியில் அடைத்து வைக்கப்பட்டார்கள். செல்போன், கம்ப்யூட்டர் வழியாகப் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் 2022-ம் ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். வேலை தருவதாகப் பேசி ஏமாற்றுகிற குரலே, வேலை தருவதாக ஏமாற்றப்பட்ட ஒருவனுடைய குரலாக இருக்கலாம்! வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு, 1983-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். தமிழக சர்க்காருக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ம் ஆண்டு முதல் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டுப் போகலாம்.

உள்ளூரில் விசாரிக்க விருதுநகரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. அது நடத்தும் தனியார் துறை வேலை முகாம்களுக்கும் கட்டணம் கிடையாது.

கொடுத்துவிட்டால்?

விவரத்தைக் கொடுத்துவிட்டோம், பணமும் போய்விட்டது என்றால் என்ன செய்வது? முதல் வேலை, 1930 என்ற எண்ணுக்குப் பேசுவது. நாடு முழுவதற்கும் இந்த எண்தான். திருடிய பணம் ஒரே இடத்தில் நிற்காது. கணக்குக்குக் கணக்கு தாவும். சீக்கிரம் சொன்னால் வழியில் மறித்து நிறுத்த முடியும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் பணம் ஏ.டி.எம்.மில் ரொக்கமாகிவிடும்.

அடுத்தது பாங்கி. கார்டை முடக்கச் சொல்லவேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்கவேண்டும். 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் பாங்கி ஒரு விதி வகுத்தது. வாடிக்கையாளர் மீதும் பாங்கி மீதும் தவறில்லாமல் வெளியார் செய்த திருட்டு என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டிருந்தால், பாங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் அவரைச் சேர்ந்த நஷ்டம். சொன்ன பிறகு போகும் பணம் பாங்கியின் பொறுப்பு. ஆகவே தவறு யாருடையதாக இருந்தாலும், சீக்கிரம் சொல்வதில் லாபம் உண்டு.

பணம் போகவில்லை, ஆதார், பான் படங்கள் மட்டும் போயின என்றாலும் சும்மா இருக்கக்கூடாது. அவற்றை வைத்து வேறு பெயரில் கடன் வாங்குகிறார்கள், சிம் வாங்குகிறார்கள். ஒருவர் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் கம்பெனியும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரவேண்டும். அவர் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய சர்க்காரின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் பார்க்கலாம். பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால், 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால் புகார் கொடுத்தால்தானே வழக்கு! பல பெண்கள் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்துவிடுகிறார்கள். "படித்திருந்தும் ஏமாந்தாயே" என்ற ஏச்சுக்குப் பயந்து பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு போனவனுக்கு இந்த மவுனம்தான் நல்ல துணை. வீட்டில் ஏசுகிறவர்கள், 1930-க்குப் பேசி முடித்த பிறகு ஏசலாம்.

ஆலை முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மோசடிக்காரன் பெரிய கம்பெனியின் பெயரைத் திருடித்தான் பேசுகிறான். வேலை விளம்பரம் கொடுக்கும்போதே, "கட்டணம் இல்லை, சேரும் நாளில்தான் பாங்கி விவரம் கேட்கப்படும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். தேவைக்கு மேல் பிறர் விவரத்தை வாங்கக்கூடாது என்பது, 2023-ம் ஆண்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும்கூட. வாங்கிய பிரதிகளை மேஜை மேல் அடுக்கி வைக்காமல் பூட்டி வைக்கலாம். வேலைக்கு எடுக்காதவர்களின் பிரதிகளைக் கிழித்துப் போடலாம். பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடக்கூடாது.

இன்னொன்றும் சிவகாசியால் செய்ய முடியும். நாட்டில் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் இந்த ஊரில் அச்சாகிறது. ராகு காலமும் எமகண்டமும் போடுகிற அட்டையின் ஒரு மூலையில், 1930 என்ற எண்ணையும், "வேலைக்காக ரகசிய எண்ணைச் சொல்லாதீர்" என்ற நான்கு சொல்லையும் போட இடம் இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குப் புதிய காலண்டர் ஆல்பம் வெளியிடுவது அங்கே வழக்கம். அதற்குள் அச்சகத்தார் கூடிப் பேசி முடிவு செய்யலாம்.